இணையம் அறுந்த நேரத்தில் மின்னஞ்சலைக் காத்துவைக்கும் போஸ்ட்ஃபிக்ஸ்: டெல்டா அலுவலகங்களுக்கான ஒரு மதிப்பீடு

கும்பகோணம், நீடாமங்கலம், மன்னார்குடி வட்டாரங்களில் உள்ள சிறு அலுவலகங்களுக்குக் கணினி வலையமைப்பு அமைத்துக் கொடுப்பது என் தொழில். இணைய இணைப்பு அறுந்திருக்கும் நேரத்தில் மின்னஞ்சல்களை வாங்கி வரிசையில் நிறுத்தி, இணைப்பு திரும்பியதும் அனுப்பிவைக்கும் ரிலே சர்வர் ஒன்று இந்த அலுவலகங்களில் பலவற்றுக்குத் தேவைப்படுகிறது. அந்த வேலைக்கு நான் நிறுவுவது போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் இலவச மென்பொருள். வெளியே போகும் கடிதங்களைப் பொறுத்தவரை இதைவிட நம்பகமான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆயினும் நிறுவியபடியே விட்டுவிட்டால் அதன் இயல்பான அமைப்புகள் நம் பகுதியின் மின்நிறுத்தங்களுக்கும் இணைப்புத் தடைகளுக்கும் பொருந்துவதில்லை. கடிதம் தேங்கி நிற்கிறது என்பதை அது தானாக யாரிடமும் சொல்வதும் இல்லை. இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி அந்த இரண்டைப் பற்றியதுதான்.

நம் ஊர்களில் மின்சாரம் போவது வேறு, இணையம் போவது வேறு. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தப்படும் மின்சாரம் மாலையில்தான் திரும்புகிறது. அலுவலகத்தில் இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ இருப்பதால் கணினிகள் ஓடுகின்றன, பில் போடப்படுகிறது, அரிசி ஆலையில் லாரி எடை ஏறுகிறது. தெருமுனைக் கம்பத்தில் உள்ள இணையக் கருவியின் பேட்டரியோ சில மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. அதன் பிறகு அலுவலகத்துக்குள் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருக்க, இணையம் மட்டும் இருப்பதில்லை. குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டும்போது ஃபைபர் அறுவதும், ஐப்பசி கார்த்திகை மழையில் தென்னை சாய்ந்து கேபிளை இழுத்துக்கொண்டு போவதும் இதோடு சேர்ந்தவை. வேலை நடக்கிறது, கடிதம் மட்டும் போகவில்லை என்ற இந்த இடைவெளியில்தான் ரிலே சர்வருக்கு வேலை இருக்கிறது.

கைப்பேசியிலோ தண்டர்பேர்டு, அவுட்லுக் போன்ற செயலிகளிலோ கடிதம் எழுதும் மனிதருக்கு இந்தச் சர்வர் தேவையில்லை. அந்தச் செயலிகளுக்கே அவுட்பாக்ஸ் இருக்கிறது, இணைப்பு வந்ததும் அவை அனுப்பிவிடும். அடிபடுவது இயந்திரங்கள்தான். பில்லிங் மென்பொருள்களில் பல, ‘அனுப்பு’ என்ற பொத்தானை அழுத்திய கணத்தில் மின்னஞ்சல் சர்வரை ஒருமுறை அழைத்துப் பார்த்து, பதில் இல்லையென்றால் ஒரு பிழைச்செய்தியைக் காட்டிவிட்டு அந்த வேலையை அதோடு மறந்துவிடுகின்றன. ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பும் ஜெராக்ஸ் இயந்திரங்களின் நிலையும் பெரும்பாலும் இதுவே. இரவில் தரவைக் காப்பெடுத்து ‘முடிந்தது’ என்றோ ‘தோற்றது’ என்றோ கடிதம் அனுப்பும் நிரல்கள், கண்காணிப்புக் கேமராப் பெட்டிகள் என்று பட்டியல் நீளும். இவை எல்லாவற்றுக்கும் ஜிமெயில், சோஹோ போன்ற வெளிச் சர்வரின் முகவரியைக் கொடுப்பதற்குப் பதிலாக, அலுவலகத்துக்குள்ளேயே போஸ்ட்ஃபிக்ஸ் ஓடும் ஒரு சிறு கணினிப் பெட்டியின் முகவரியைக் கொடுத்துவிட்டால், இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவற்றுக்கு உடனே ‘250’ என்ற பதில் கிடைக்கும். அதாவது, கடிதத்தைப் பெற்றுக்கொண்டேன், இனி இது என் பொறுப்பு என்று பொருள்.

அந்தப் பொறுப்பை எவ்வளவு கண்டிப்பாக எடுத்துக்கொள்கிறது என்பதுதான் போஸ்ட்ஃபிக்ஸை நான் தேர்ந்ததற்கு முதல் காரணம். ஐபிஎம் ஆய்வகத்தில் பணியாற்றிய வீட்சே வெனெமா எழுதி, 1998 டிசம்பரில் வேறு பெயரில் வெளிவந்து, பின்னர் போஸ்ட்ஃபிக்ஸ் என்று பெயர் பெற்ற இந்த மென்பொருள், கடிதம் முழுவதும் வட்டில் எழுதப்பட்டு உறுதியான பிறகே ‘250’ என்று சொல்கிறது. நினைவகத்தில் வைத்துக்கொண்டு ‘ஆயிற்று’ என்று சொல்லும் பழக்கம் அதற்கு இல்லை. எனவே அந்தப் பதில் போன அடுத்த நொடியில் மின்சாரம் அறுந்தாலும், வட்டு கெடாத வரை, பெட்டி மறுபடி எழும்போது கடிதம் வரிசையில் அப்படியே இருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரி வயதாகி, மின்சாரம் மாறும் கணத்தில் கணினியைக் கைவிடும் அலுவலகங்களில் இந்தக் குணம் சாதாரணமானதல்ல.

மாற்று மென்பொருள்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எம்எஸ்எம்டிபி எளிமையானது, ஆனால் தனியாக அதற்கு வரிசை கிடையாது, துணை நிரல் ஒன்றை ஒட்டவேண்டும். நல்மெயிலருக்கு வரிசை உண்டு, ஒரே கணினியின் கடிதங்களுக்கு அது போதும். ஆனால் வலையமைப்பில் உள்ள பிற கருவிகளிடமிருந்து கடிதம் வாங்கும் வசதி அதில் இல்லை என்பதால் ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு உதவாது. எக்ஸிம் முழுமையான சர்வர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1995ஆம் ஆண்டு பிறந்தது. இந்த வேலையை அதுவும் செய்யும். போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்பு படிக்கத் தெளிவாக இருப்பதால், எனக்குப் பின்னால் வேறொருவர் வந்து பார்த்தாலும் புரியும் என்பதைக் கருதியே நான் அதன் பக்கம் நிற்கிறேன்.

நிறுவுவது கடினமல்ல. டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தில் நிறுவும்போது எவ்வகைச் சர்வர் வேண்டும் என்று ஒரு கேள்வி வரும். அங்கே ‘சாட்டிலைட் சிஸ்டம்’ என்ற விடை பொருத்தமானதாகத் தோன்றும். ஆனால் அதைத் தேர்ந்தால் அந்தப் பெட்டி தன் சொந்தக் கடிதங்களை மட்டுமே வாங்கும், பக்கத்து மேசைக் கணினி கதவைத் தட்டினால் திறக்காது. அலுவலகம் முழுமைக்கும் வேண்டுமானால் ‘இன்டர்நெட் வித் ஸ்மார்ட்ஹோஸ்ட்’ என்பதே சரி. பின்னர், ‘ரிலேஹோஸ்ட்’ என்ற வரியில் உங்கள் மின்னஞ்சல் சேவையின் முகவரியைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டு, 587 என்ற போர்ட் எண்ணை, அதாவது அந்தச் சர்வரில் நுழையும் வாசலின் எண்ணை, சேர்க்க வேண்டும். அந்த அடைப்புக்குறி அலங்காரத்துக்கு அல்ல. ஒரு நிறுவனத்துக்கு வரும் கடிதங்களை எந்தச் சர்வர் வாங்கும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைத் தேடாமல், நேராக இந்தச் சர்வரிடமே போ என்று அது சொல்கிறது. பெறுநரின் சர்வருக்கு நேரடியாக 25ஆம் போர்ட்டில் அனுப்பலாமே என்று சிலர் கேட்பதுண்டு. வீட்டு இணைப்புகளிலும் சிறு வணிக இணைப்புகளிலும் அந்தப் போர்ட் பல இடங்களில் அடைக்கப்பட்டிருக்கிறது. அடைக்கப்படாத இடத்திலும், மாறிக்கொண்டே இருக்கும் ஐபி முகவரியிலிருந்து வரும் கடிதத்தைப் பெரிய சேவைகள் குப்பையாகவே கருதும்.

கடவுச்சொல்லைத் தனிக் கோப்பில் எழுதி, நிர்வாகி மட்டும் படிக்கும்படி உரிமையைக் குறுக்கிவிட வேண்டும், ஏனெனில் அது மறையாக்கம் இல்லாமல் அப்படியே கிடக்கிறது. ஜிமெயில் கணக்கானால் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, செயலிக்கென்றே தனியாகத் தரப்படும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டும். ‘மைநெட்வொர்க்ஸ்’ என்ற வரியில் உங்கள் அலுவலகத்தின் உள் முகவரிகளை மட்டும் எழுதுங்கள். அங்கே கவனக்குறைவாக எல்லோரையும் அனுமதித்து, ரவுட்டரிலும் வாசலைத் திறந்துவிட்டால், உலகத்திலுள்ள குப்பை அஞ்சல் அத்தனையும் உங்கள் பெயரில் போகும்.

இங்கே ஒரு உபரி நன்மையும் உண்டு. பழைய ஜெராக்ஸ் இயந்திரங்களில் உள்ள மறையாக்க முறை காலாவதியாகிவிட்டதால், இன்றைய மின்னஞ்சல் சேவைகள் அவற்றோடு பேச மறுக்கின்றன. இடையில் போஸ்ட்ஃபிக்ஸ் இருந்தால், இயந்திரம் அலுவலகத்துக்குள் சாதாரண முறையில் அதனிடம் பேசும். அது வெளியே நவீன மறையாக்கத்தோடு பேசும். ஸ்கேன் வசதிக்காகவே புது இயந்திரம் வாங்க இருந்த ஒரு ஆடிட்டர் அலுவலகம் அந்தச் செலவைத் தள்ளிப்போட்டது.

இனி, இணையம் போன பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கலாம். கடிதம் முதலில் செயல்வரிசைக்குப் போகிறது. அனுப்ப முயன்று தோற்றால், ‘டெஃபர்டு’ என்ற ஒத்திவைப்பு வரிசைக்கு மாற்றப்படுகிறது. மீண்டும் எப்போது முயல்வது என்பதற்குப் போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கடிதத்துக்கு வயது ஏற ஏற இடைவெளியும் நீள்கிறது. குறைந்தது 300 விநாடி, அதிகம் 4,000 விநாடி. 4,000 விநாடி என்பது ஒரு மணி ஆறு நிமிடத்துக்கும் சற்று மேல். காலையில் அறுந்த இணையம் பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்புகிறது என்றால், காலையில் போட்ட பில்கள் நான்கு மணியைத் தாண்டியும் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கக்கூடும். பெரிய தரவு மையத்தில், ஏதோ ஒரு தொலைதூரச் சர்வர் படுத்துவிட்டால் அதை ஓயாமல் தொந்தரவு செய்யாதிருக்க வகுக்கப்பட்ட பண்பான விதி இது. நம் நிலைமை தலைகீழ்: இங்கே விழுந்து கிடந்தது எதிர்ச் சர்வர் அல்ல, நம்முடைய இணைப்பு.

இதற்கு இரண்டு வழி உண்டு. எளியது, அந்த 4,000 என்பதை 900 என்று குறைப்பது. செம்மையானது, இணைப்பு திரும்பியதும் வரிசை முழுவதையும் உடனே கிளப்பும்படி செய்வது. டெபியனில் போஸ்ட்ஃபிக்ஸோடு இதற்கான சிறு நிரல் ஒன்று வருகிறது. வலையமைப்பு இணைப்பு எழுந்தவுடன் அது வரிசையைத் தட்டி எழுப்பும். ஆனால் அது பார்ப்பது பெட்டிக்கும் ரவுட்டருக்கும் இடையிலுள்ள கம்பியைத்தான். நம் ஊரில் அந்தக் கம்பி ஒருபோதும் விழுவதில்லை, ரவுட்டருக்கு அப்பால்தான் இணையம் அறுகிறது; எனவே அந்த நிரல் அசைவதே இல்லை. நான் செய்வது, சில நிமிடங்களுக்கு ஒருமுறை 587ஆம் போர்ட்டைத் தொட்டுப் பார்த்து, ‘இல்லை’ என்ற நிலை ‘உண்டு’ என்று மாறும் அந்த ஒரு தருணத்தில் மட்டும் வரிசையைக் கிளப்பும் பத்து வரி நிரல். எப்போதும் கிளப்பிக்கொண்டே இருந்தால் என்ன என்று கேட்கலாம். அடிக்கடி அப்படிச் செய்வது மற்றக் கடிதங்களின் போக்கைக் கெடுக்கும் என்று போஸ்ட்ஃபிக்ஸின் கையேடே எச்சரிக்கிறது.

தேங்கிய கடிதங்கள் ஒரே நேரத்தில் பாயவும் கூடாது. நீர் நிரம்பி நிற்கும்போது மதகை ஒரேயடியாகத் தூக்காமல் சிறிது சிறிதாகத் திறப்பதுபோல, போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு சர்வரோடு முதலில் 5 இணைப்புகளைத் தொடங்கி, தடையில்லை என்று கண்டால் 20 வரை உயர்த்துகிறது. தனிநபர் ஜிமெயில் கணக்குக்கு நாளொன்றுக்கு 500 என்றும், நிறுவனக் கணக்குக்கு 2,000 என்றும் வரம்பு இருப்பதாலும், ஒரே கணக்கிலிருந்து மளமளவென்று வரும் கடிதங்களை இத்தகைய சேவைகள் சந்தேகத்தோடு பார்ப்பதாலும், நான் அந்த 20ஐ 2 என்று வைத்துவிடுகிறேன். ஒரு சிறு அலுவலகத்தின் அரைநாள் தேக்கம் அப்படியும் சில நிமிடங்களில் வடிந்துவிடும்.

நீடாமங்கலம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில், பராமரிப்பு மின்நிறுத்த நாளொன்றில் இதை அருகிலிருந்து பார்த்தேன். ‘மெயில்க்யூ’ என்ற கட்டளையைக் கொடுத்தால், ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு அடையாள எண், அளவு, வந்த நேரம், அனுப்புநர், அதன் கீழே அடைப்புக்குறிக்குள் தாமதத்தின் காரணம், கடைசியில் பெறுநர் என்று திரையில் வருகிறது. அன்று எல்லாக் கடிதத்துக்கும் ஒரே காரணம்தான்: சர்வரின் பெயரைத் தேடினேன், விடை இல்லை, பிறகு முயல்வேன். இணையம் திரும்பி நிரல் வரிசையைக் கிளப்பியதும், அடையாள எண்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி தோன்றியது. அது செயல்வரிசைக்கு ஏறிவிட்டதன் அடையாளம். அடுத்தடுத்துக் கட்டளையைக் கொடுக்கக் கொடுக்கப் பட்டியல் சுருங்கி, ‘மெயில் க்யூ இஸ் எம்ப்டி’ என்ற வரியில் வந்து நின்றது. அதற்கு முன்பு, நண்பகலில், ஆலையின் கணக்குப்பிள்ளை என்னிடம் கேட்ட கேள்விதான் இந்த அமைப்பின் உண்மையான குறையைச் சொல்கிறது: “தம்பி, போயிடுச்சுன்னு போட்டிருக்கு, பார்ட்டிக்கு போன் பண்ணா வரலைங்கிறாரே?”

பில்லிங் மென்பொருளைப் பொறுத்தவரை ‘250’ வந்துவிட்டது, ஆகவே கடிதம் போயிற்று. அது ஆலையின் மாடியறையில் உள்ள பெட்டிக்குத்தான் போயிற்று என்பது கணக்குப்பிள்ளைக்குத் தெரிய வழியில்லை. அவர் என்ன செய்வார்? மறுபடி அனுப்புவார். அதுவும் வராது. இன்னொருமுறை அனுப்புவார். இணையம் திரும்பும்போது வியாபாரிக்கு ஒரே பில் மூன்று பிரதிகளாகப் போய்ச்சேரும், மூன்றும் தனித்தனிச் சரக்கா என்று அங்கிருந்து தொலைபேசி வரும். ரிலே இல்லாத காலத்தில் பிழைச்செய்தியாவது கண்ணில் பட்டது. இப்போது அதுவும் இல்லை. காத்துவைக்கும் அமைப்பு, காத்துவைக்கிறேன் என்பதைச் சொல்லாவிட்டால், பாதி வேலையைத்தான் செய்கிறது.

கடிதம் தாமதமானால் அனுப்புநருக்கு அறிவிக்கும் வசதி போஸ்ட்ஃபிக்ஸில் இருக்கிறது; இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கும், ஒரு மணி நேரம் என்று எழுதி இயக்கலாம். பல வழிகாட்டிகள் இதைப் பரிந்துரைக்கின்றன. நான் பரிந்துரைக்கமாட்டேன். அந்த அறிவிப்பும் ஒரு மின்னஞ்சல்தான். அனுப்புநரின் அஞ்சல் பெட்டி ஜிமெயிலில் இருக்கிறது என்றால், ‘உங்கள் கடிதம் தேங்கி நிற்கிறது’ என்ற அறிவிப்பும் அதே அறுந்த இணைப்பின் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். ஆகவே அதுவும் வரிசையில் நிற்கும், இணையம் திரும்பிய பிறகு, கடிதத்தோடு சேர்ந்தே வந்து எல்லோரையும் குழப்பும். தகவல் அலுவலகத்துக்குள்ளேயே, இணையம் தொடாத வழியில் போக வேண்டும். அந்தப் பெட்டியிலேயே ஒரு சிறு பக்கத்தை வைத்து, வரிசையில் எத்தனை கடிதம் நிற்கிறது, யார் யாருக்கு என்பதை மட்டும் தமிழில் காட்டி, கணக்குப்பிள்ளையின் உலாவியில் அதை எப்போதும் திறந்திருக்கும்படி செய்துவிட்டேன். போஸ்ட்ஃபிக்ஸ் இதைத் தானாகத் தராதது எனக்குக் குறைதான். அதை எழுதித்தர ஆள் கிடைக்காத அலுவலகம், தினம் மாலையில் ‘மெயில்க்யூ’ பார்க்க ஒருவரைப் பழக்கிவிட வேண்டும்.

அடுத்தது ஆயுள். வரிசையில் நிற்கும் கடிதத்துக்குப் போஸ்ட்ஃபிக்ஸ் தரும் அவகாசம் 5 நாள்; அதற்குள் போகாவிட்டால் அனுப்பியவருக்கே திருப்பிவிடும். சாதாரண நாளில் இது தாராளம். ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பவே வாரக்கணக்கானதை இங்குள்ள யாரும் மறக்கவில்லை. பெட்டி அணைந்திருந்தால் அந்த 5 நாள் எண்ணப்படாது என்று நினைக்க வேண்டாம். கடிதம் வந்து சேர்ந்த நேரத்திலிருந்து நாட்காட்டிக் கணக்குத்தான். இதில் ஒரு நுட்பமான ஆபத்து இருக்கிறது. ஆறு நாள் கழித்து மின்சாரம் வந்ததும் சிறு பெட்டி ஒரு நிமிடத்துக்குள் எழுந்துவிடும். ரவுட்டரும் ஃபைபர் கருவியும் எழுந்து இணையத்தைப் பிடிக்க இன்னும் சில நிமிடமாகும். அதற்குள் போஸ்ட்ஃபிக்ஸ் ஒருமுறை முயன்று, தோற்று, கடிதத்தின் வயது 5 நாளைத் தாண்டிவிட்டதைக் கண்டு, அந்த முதல் தோல்வியிலேயே திருப்பி அனுப்பும் முடிவை எடுத்துவிடும். இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்திருந்தால் போயிருக்கும் கடிதம் அது. ஆகவே, ஆயுளை நான் 10 நாளாக வைக்கிறேன். கடற்கரையோர ஊர்களில் அதற்கும் மேல். இதனால் கேடு ஒன்றும் இல்லை, ஏனெனில் தவறான முகவரி போன்ற நிரந்தரப் பிழைகளுக்குப் போஸ்ட்ஃபிக்ஸ் காத்திருப்பதில்லை, எதிர்ச் சர்வர் 5இல் தொடங்கும் எண்ணைச் சொன்னவுடன் கடிதத்தைத் திருப்பிவிடுகிறது.

அந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு, அது மெச்சத்தக்கது. யாராவது ஜிமெயில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டால், எதிர்ச் சர்வர் ‘535’ என்று மறுக்கும். எண்ணைப் பார்த்தால் நிரந்தரப் பிழைதான். ஆனால் உள்நுழைவு தோற்றது கடிதத்தின் குற்றமல்ல என்று கருதி, போஸ்ட்ஃபிக்ஸ் அதைத் தற்காலிகப் பிழையாகவே எடுத்துக்கொண்டு கடிதங்களை நிறுத்திவைக்கிறது. கடவுச்சொல்லைத் திருத்திவிட்டால் அத்தனையும் போய்விடும். இதற்கு மாறாக, உள்நுழைந்த கணக்கும் கடிதத்தில் உள்ள அனுப்புநர் முகவரியும் வேறாக இருந்தால், சில சேவைகள் ‘553’ என்று சொல்லி மறுத்துவிடும். அதற்கு மன்னிப்பு கிடையாது. ஜெராக்ஸ் இயந்திரத்தில் மனம்போன அனுப்புநர் முகவரியை எழுதிவைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சிறு எரிச்சல்களும் உண்டு. கடிதத்தின் அளவுக்கு இயல்பு வரம்பு 10,240,000 பைட். கடிதத்தோடு சேர்க்கும் கோப்புகள் மின்னஞ்சலுக்காக உருமாறும்போது மூன்றில் ஒரு பங்கு பெருப்பதால், 7 எம்பியைத் தாண்டும் ஸ்கேன் கோப்பு வாசலிலேயே மறுக்கப்படும். ஜிமெயில் 25 எம்பி வரை ஏற்பதால், இங்கும் அதற்கேற்ப உயர்த்திவிடலாம். டெபியனின் முந்தைய பதிப்புகளில் இன்னொன்று: ஃபைபர் அறுந்ததும் கைப்பேசி டாங்கிளுக்கு மாறினால், மற்ற எல்லாச் செயலிகளுக்கும் இணையம் கிடைக்கும், போஸ்ட்ஃபிக்ஸ் மட்டும் பெயர் கிடைக்கவில்லை என்று அடம்பிடிக்கும். பாதுகாப்புக்காக அது தனி அடைப்புக்குள் ஓடுவதும், சர்வர் பெயர்களைத் தேடித்தரும் டிஎன்எஸ் சேவையின் முகவரி எழுதிய கோப்பின் பழைய பிரதியை அங்கே வைத்திருப்பதும்தான் காரணம். அதை மறுபடி தொடக்கினால் புதிய பிரதியை எடுத்துக்கொள்ளும். காரணம் தெரியாதவர் அரைநாளைத் தொலைப்பார்.

பெட்டியைப் பற்றி. இந்த வேலைக்கு ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியே போதும், இன்வெர்ட்டரில் அது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. ஆனால் எஸ்டி கார்டில் வரிசையை வைக்காதீர்கள். அடிக்கடி அறும் மின்சாரத்துக்கு முதலில் பலியாவது அந்தக் கார்டுதான், யுஎஸ்பி வழியாக ஒரு சிறு எஸ்எஸ்டி போட்டுக்கொள்ளுங்கள். ராஸ்பெர்ரி பை 5க்கு முந்தைய மாதிரிகளில் கடிகாரச் சில்லு கிடையாது. இணையம் இல்லாமல் எழும்போது, கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். விளைவு, கடிதத் தலைப்பில் தவறான நேரம் பதியும். 5இல் சில்லு இருக்கிறது, பேட்டரியை மட்டும் நாம் இணைக்க வேண்டும். ஓரம் கட்டிய பழைய அலுவலகக் கணினி ஒன்று இருந்தால், மின்செலவைப் பொறுத்துக்கொண்டு அதையே பயன்படுத்துவதிலும் தவறில்லை.

என்னிடம் வருபவர்களில் பலர் கேட்பது இதையல்ல, இதன் மறுபக்கத்தை: நம் இணையம் போயிருக்கும் நேரத்தில் நமக்கு வரும் கடிதங்களைப் பிடித்துவைக்க ஒரு மாற்று எம்எக்ஸ் சர்வர் வேண்டும் என்கிறார்கள். உங்கள் அஞ்சல் பெட்டி ஜிமெயிலிலோ சோஹோவிலோ இருந்தால் அது வீண் செலவு. கடிதம் அங்கே பத்திரமாக வந்து சேர்ந்துகொண்டேதான் இருக்கிறது, நீங்கள் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். அலுவலகத்துக்குள்ளேயே முழு மின்னஞ்சல் சர்வர் வைத்திருக்கும் கல்லூரி போன்ற இடங்களிலும், அனுப்புபவரின் சர்வரே பொறுத்துக்கொள்ளும். மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கான எஸ்எம்டிபி நெறிமுறையின் 2008ஆம் ஆண்டு ஆவணம், கைவிடுவதற்கு முன் குறைந்தது 4, 5 நாள் முயல வேண்டும் என்கிறது. அதற்கும் மேல் வேண்டுமானால் வெளியூரில் வாடகைச் சர்வர் எடுத்துப் போஸ்ட்ஃபிக்ஸை நிறுவலாம். ஆனால் உங்கள் பெறுநர் பட்டியல் முழுவதையும் அதற்குக் கொடுத்து, இல்லாத பெயருக்கு வருவதை வாசலிலேயே மறுக்கும்படி செய்யாவிட்டால், காவல் குறைந்த மாற்று வாசலையே குறிவைக்கும் குப்பை அஞ்சல்காரர்கள் அதை நிரப்பிவிடுவார்கள். பிறகு அந்தக் குப்பையைச் சம்பந்தமில்லாதவர்களுக்குத் திருப்பி அனுப்பும் சர்வர் என்று உங்கள் பெயர்தான் கெடும்.

எந்தக் கடிதத்துக்கு இது கூடாது என்பதையும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். உள்நுழைவுக்கான ஓடிபி எண்ணை மின்னஞ்சலில் அனுப்பும் செயலி உங்களிடம் இருந்தால், அதை இந்த வரிசையோடு இணைக்காதீர்கள். மூன்று மணி நேரம் கழித்துப் போய்ச்சேரும் ஓடிபியால் யாருக்கும் பயனில்லை. ஏலம், டெண்டர் போன்றவற்றில் கடைசி நேரக் கடிதமும் அப்படியே. கடிதத்தின் தேதி நீங்கள் எழுதிய நேரத்தைத்தான் காட்டும், ஆனால் எதிர்த்தரப்பு பார்ப்பது தன் பெட்டிக்கு வந்து சேர்ந்த நேரத்தை. பில், ரசீது, ஸ்கேன் பிரதி, இரவு அறிக்கை ஆகியவற்றுக்கு இது சரியான இடம்.

மென்பொருளுக்குக் காசில்லை, டெபியனின் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக நிறுவும்படி வைத்துவிட்டால் பராமரிப்பும் மிகச் சிறிதே. ஆனால் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பு, புரட்டாசி முடிவதற்குள், ஒருமுறை சோதித்துவிடுங்கள். ரவுட்டருக்குள் வரும் வெளிக்கம்பியைக் கழற்றிவிட்டு, பில்லிங் கணினியிலிருந்து உங்கள் சொந்த முகவரிக்கே ஒரு பில்லையும், ஜெராக்ஸ் இயந்திரத்திலிருந்து ஒரு ஸ்கேனையும் அனுப்புங்கள். இரண்டும் ‘மெயில்க்யூ’ பட்டியலில் நிற்க வேண்டும். பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள்; அப்போதும் நிற்க வேண்டும். மதிய உணவு முடியும் வரை விட்டுவைத்து, வெளிக்கம்பியை மாட்டிவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருங்கள். இணையம் வந்த பத்து நிமிடத்துக்குள் இரண்டும் வந்துவிட்டால் எல்லாம் சரி; ஒரு மணி நேரம் ஆகிறதென்றால், இணைப்பைத் தொட்டுப் பார்க்கும் நிரல் ஓடவில்லை, அந்த 4,000 விநாடியும் மாற்றப்படவில்லை.